வெள்ளையடிப்பதற்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பொங்கலுக்கு அடித்த எமல்ஷன் தீபாவளி வருவதற்குள் அப்பளம் மாதிரி புடைத்து நிற்கும். ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால் ஒரு முழ நீளத்துக்குத் தோலாக உரிந்து வரும். அந்தத் தோலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ மாவு அப்பியிருந்தால் பெயின்ட் மேல் குற்றமில்லை, அடித்தவர் கைமேலும் பெரிய குற்றமில்லை. அடியில் எண்பது வருட டிஸ்டெம்பர் (சுண்ணத்தூளைப் பசையில் கரைத்து அடித்த பழைய பூச்சு) இருக்கிறது, அதைக் கேட்காமல் அடித்ததுதான் பிழை. லண்டன் புறநகர்களின் பழைய வீடுகளில் பெயின்ட் கெட்டுப்போகும் கதைகளில் முக்கால்வாசி இப்படித்தான். டின்னில் இருப்பதை எல்லோரும் விசாரிக்கிறார்கள், சுவரில் ஏற்கெனவே இருப்பதை யாரும் விசாரிப்பதில்லை.

நம்மவர்கள் வாங்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், டூட்டிங் பக்கம் விக்டோரியா காலக் கடைசியிலும் 1914க்கு முன்னும் வரிசையாகக் கட்டிய டெரஸ் வீடுகள் ஒன்று. ஹாரோ, ரெய்னர்ஸ் லேன், நியூ மோல்டன் பக்கம் 1920, 30களில் முளைத்த, இரண்டு இரண்டாக ஒட்டி நிற்கும் செமி-டிடாச்ட் வீடுகள் மற்றது. முதல் வகைக்குச் சுவர் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. உள்பூச்சு விலங்கு மயிர் கலந்த சுண்ணாம்புக் காரை. சீலிங் என்பது மெல்லிய மரப்பட்டிகளை விரல் இடைவெளி விட்டு அடித்து, அதன்மேல் காரையை அழுத்தி அப்பியது. செமி வீடுகளில் பலவற்றுக்குச் சுவர் இரட்டை அடுக்கு, நடுவே காற்று. முன்பக்கம் வளைந்த பே ஜன்னல், மேல்பாதியில் கூழாங்கல் பதித்த பெபிள் டேஷ், உள்ளே மேலே பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறை பல வீடுகளில் சாமி அறை ஆகியிருக்கும், அதன் சீலிங்குக்குப் பிறகு வருவோம்.

எந்தக் காலத்து வீடு என்று தெரிந்தால் எந்தக் குறை எங்கே இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். மீதியைத் தொட்டும் தட்டியும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு அறைக்கு அரை மணி நேரம் போதும்.

டின்னைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம்

முதலில் டிஸ்டெம்பர். விரலை நனைத்து, பின்னால் வந்தவர்கள் கை வைக்காத இடத்தில் தேயுங்கள். பிக்சர் ரெயிலுக்கு (படம் மாட்டச் சுவரின் மேல்பகுதியில் ஓடும் மரப்பட்டை) மேலே, படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரிக்குள், சீலிங் மூலையில். மாவு ஒட்டினால் அதுதான். வெந்நீரும் பெரிய ஸ்பாஞ்சும் வைத்துக் கழுவித் துடைக்க வேண்டும், தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். பால் மாதிரி ஆன தண்ணீரில் துடைத்தால் எடுத்த சுண்ணத்தைத் திரும்பப் பூசுகிறீர்கள். எண்ணெய் கலந்த டிஸ்டெம்பர் தண்ணீருக்கு முழுதாக அசையாது. அங்கே உதிர்வதைச் சுரண்டிவிட்டு, ஊடுருவிப் பிடிக்கும் ஸ்டெபிலைசிங் பிரைமர் ஒரு கை அடித்தால் மேல்பூச்சு நிற்கும். பி.வி.ஏ. பசையைத் தண்ணீரில் கரைத்து அடித்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரை பூசுகிறவருக்கு அது உதவும். பெயின்டுக்குக் கீழே அது வழவழப்பான ஒரு படலமாக நின்றுகொண்டு, எமல்ஷனைச் சுவருக்குள் இறங்க விடாது. இரண்டு வருடத்தில் பசையும் பெயின்டும் சேர்ந்தே உரியும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. தேங்காயைத் தட்டுகிற மாதிரி விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் அடங்கி வரும், காரை செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் வெற்றுப் பெட்டி மாதிரி ஒலிக்கும். உள்ளங்கை அளவு வெற்றுச் சத்தம் இருந்து, அழுத்தினால் அசையாமல் இருந்தால் அப்படியே விடலாம். நூறு வருடச் சுண்ணாம்புச் சுவரில் அதுகூட இல்லாமல் இருக்காது. தட்டு அளவுக்கு மேல் இருந்து, அழுத்தும்போது உள்ளே போய் வந்தால் வெட்டி எடுத்துப் பூச வேண்டும். சீலிங்கில் உள்ளங்கையை வைத்து மெதுவாக மேலே தள்ளுங்கள். அசைந்தால் மரப்பட்டிகளுக்கு இடையே கொக்கியாகப் பிடித்திருந்த காரை முறிந்துவிட்டது என்று பொருள். அந்தச் சீலிங்கை ஃபில்லர் (பட்டி) காப்பாற்றாது. அதன்மேலேயே 9.5 மில்லிமீட்டர் பிளாஸ்டர்போர்டை, மேலே உள்ள உத்திரங்களில் திருகாணி முடுக்கிப் பொருத்திப் பூசுவதுதான் தூசி குறைந்த வழி. இடித்து இறக்கினால் ஒரு அறைச் சீலிங் நூறு வருடக் கரியோடு இறங்கும்.

மூன்றாவது, மர வேலையில் இருப்பது எண்ணெய்ப் பெயின்டா தண்ணீர்ப் பெயின்டா என்பது. வெள்ளைத் துணியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்துக் கதவின் அடி ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். இளகித் துணியில் ஒட்டினால் தண்ணீர்ப் பெயின்ட், அசையாவிட்டால் எண்ணெய்ப் பெயின்ட். இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டு, பழைய எண்ணெய் கிளாஸ் (பளபளப்புப் பெயின்ட்) மேல் தண்ணீர் சாட்டின்வுட்டை (பாதிப் பளபளப்புள்ள மரப் பெயின்ட்) நேராக அடித்த கதவுகள் எத்தனையோ. குழந்தை ஸ்டிக்கரை ஒட்டி எடுத்தால் பெயின்டும் கூடவே வரும்.

மற்ற இரண்டும் உடம்புக்கு ஆபத்தானவை. ஒன்று ஈயம். 1960களுக்கு முந்தைய மர வேலையில் அடியிலுள்ள பூச்சுகளில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஈயப் பெயின்டைப் பொதுமக்களுக்கு விற்பது பிரிட்டனில் தடையானது 1992இல்தான். கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சியை, மேலிருந்து மரம்வரை எல்லா அடுக்கும் தெரியும்படி சாய்வாகக் கீறிய இடத்தில் தேய்க்க வேண்டும். மேல் அடுக்கில் தேய்த்து ஈயம் இல்லை என்று நிம்மதி அடைவதில் பயனில்லை. ஈயம் இருந்தால் உலர்ந்த உப்புத்தாள் போடக் கூடாது, எலெக்ட்ரிக் சாண்டரைத் தொடவே கூடாது. வெட்-அண்ட்-டிரை தாளை நனைத்துத் தேய்த்து, சேறு உலருமுன் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். மாஸ்க் பி3 தரம். பூச்சு உறுதியாக இருந்தால் உரிக்காமல் அதன்மேலேயே அடிப்பதுதான் புத்திசாலித்தனம். கைக்குழந்தையும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில், அந்த அறை வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை அவர்கள் வேறு இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று ஆர்டெக்ஸ். சீலிங்கில் விசிறி விசிறியாக, அலை அலையாக இருக்குமே, அது. 1980களின் நடுப்பகுதிவரை அதில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடையானது 1999இல். ஆகவே 2000க்கு முன் போட்ட எந்த மேடு பள்ளப் பூச்சையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதைச் சுரண்டாமல், தேய்க்காமல், நீளமுடி ரோலரால் எமல்ஷன் அடிப்பதில் ஆபத்தில்லை. சமதளமாக்க ஆசைப்பட்டால் முதலில் யூகாஸ் (ஆய்வுக்கூடங்களுக்குத் தரச் சான்று தரும் பிரிட்டிஷ் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சிறு மாதிரி அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அதில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

காகிதம் உரிப்பதும் ஒட்டுவதும்

மரத்துணுக்கு கலந்த காகிதம், வுட்சிப் என்பார்கள். அதை 1970களில் சும்மா ஒட்டவில்லை. பொதுவாக அது ஒரு போர்வை, உள்ளே சுவர் நொறுங்கியிருக்கும். அறையில் எல்லாச் சுவரிலும் வுட்சிப் இருந்தால், பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தைவிடக் காரைக்கு அதிகமாக எடுத்து வையுங்கள்.

உரிக்கும்போது முதலில் மேலே உள்ள பெயின்ட் தோலை உலர்ந்தபடியே உரித்து எடுங்கள், எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. பிறகு செடிக்குத் தெளிக்கும் பம்பில் வெந்நீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றித் தெளித்து, இருபது நிமிடம் விட்டு, மறுபடி தெளித்துச் சுரண்டுங்கள். முக்கால்வாசிச் சுவர் இதற்கே வழிக்கு வந்துவிடும். ஸ்டீமரைச் சுண்ணாம்புக் காரையில் ஒரே இடத்தில் பத்து, பதினைந்து நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. இட்லித் துணியை இட்லியோடு சேர்த்து உரிக்கிற மாதிரி, காகிதத்தோடு காரையும் வந்துவிடும். உரித்த பிறகு பழைய பசையைக் கழுவாமல் விடுவது இன்னொரு வழக்கமான தவறு. பசை மேல் அடித்த எமல்ஷன் மாதங்கள் கழித்து மயிரிழை வெடிப்புகளாகப் பிளக்கும். ஈரக் கையால் தடவினால் வழுக்குகிறதா என்று பார்த்து, வழுக்கல் போகும்வரை கழுவுங்கள்.

காகிதம் போன சுவர் அம்மைத் தழும்பு முகமாக இருக்கும். இங்கே இரண்டு வழி. முழுச் சுவருக்கும் காரை இழுப்பது ஒன்று, லைனிங் பேப்பர் ஒட்டி அதன்மேல் பெயின்ட் அடிப்பது மற்றது. சுண்ணாம்புச் சுவர் ஓரளவு உறுதியாக இருந்தால் இரண்டாவதுதான் எங்கள் தேர்வு. செலவு குறைவு, தூசி குறைவு, மயிரிழை விரிசல்களை அது பாலம் போட்டு மூடும். 1400 கிரேடு கையாளச் சுலபம். மேடு பள்ளம் அதிகமென்றால் 1700. அகலம் 56 சென்டிமீட்டர். கணக்கு இப்படி: 4.2க்கு 3.6 மீட்டர் அறையின் சுற்றளவு 15.6 மீட்டர், அதாவது 28 துண்டு. பிக்சர் ரெயிலிலிருந்து ஸ்கர்ட்டிங்வரை (சுவரடி மரப்பட்டை) 2 மீட்டர் என்றால் மேலும் கீழும் வெட்டுக்குச் சேர்த்து 2.1 மீட்டர். 10 மீட்டர் சுருளில் நாலு துண்டுதான் வரும், மிச்சம் வீண். 20 மீட்டர் இரட்டைச் சுருளில் ஒன்பது வரும். ஜன்னலும் கதவும் கழித்தால் மூன்று இரட்டைச் சுருள் சரியாக இருக்கும், நாலாவதை வாங்கிப் பிரிக்காமல் வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். பசை தடவி மடித்து வைத்த பிறகு ஊறும் நேரம் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஐந்து நிமிடம், இன்னொன்று பதினைந்து நிமிடம் ஊறினால் விரிவு மாறுபட்டு இணைப்பு திறந்துகொள்ளும். திறந்துகொண்டாலும் பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய ஃபில்லரை இழுத்துத் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால்தான் அந்தக் கோடு காலத்துக்கும் தெரியும்.

புதுக் காரை போட்டால் அது காப்பி நிறத்திலிருந்து ஒரே சீரான வெளிறிய ரோஸ் நிறத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பிளாஸ்டர்போர்டு மேல் மெல்லிய பூச்சென்றால் ஒரு வாரம், செங்கல்மேல் கனமாகப் பூசியதென்றால் ஒரு மாதமும் ஆகலாம். முதல் கை, வினைல் சேராத மலிவான கான்ட்ராக்ட் மேட் எமல்ஷனில் ஏழு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். ஒழுகும், தரை நனையும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அது காரைக்குள் இறங்குவதற்கான கை. விலை கூடிய வினைல் சில்க்கை நேராக அடித்தால் மேலேயே தோலாக நின்று, மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது கூடவே வரும்.

விரிசல்

லண்டனின் பெரும்பகுதி களிமண்மேல் நிற்கிறது. கோடையில் களிமண் காய்ந்து சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். வீடும் கூடவே மூச்சு விடும். பே ஜன்னல் முக்கியச் சுவரோடு சேரும் இடத்திலும், கதவு நிலையின் மேல் மூலையிலும் ஆகஸ்டில் திறந்து பிப்ரவரியில் மூடும் விரிசல்கள் இதனால்தான். ஆகஸ்டில் விரிந்திருக்கும்போது கெட்டி ஃபில்லரை அடைத்தால், மழைக்காலத்தில் அது நசுங்கிப் பிதுங்கும். விரிசலை V வடிவில் கீறித் திறந்து, தூசி எடுத்து, நனைத்து, ஃபில்லர் போட்டு, மேலே வலைநாடா ஒட்டி, இரு பக்கமும் ஒரு அடி அகலத்துக்குச் சாய்த்து இழுத்தால் பல வருடம் தாங்கும். 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தது, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் படிப்படியாகத் தெரிவது, கதவை மூட விடாமல் செய்வது இவை பெயின்டர் வேலை இல்லை. சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

ஸ்கர்ட்டிங்குக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துக்கு ஃபில்லர் வேண்டாம், கால்க் (நெகிழும் அடைப்புப் பசை) போதும். ஆனால் கால்க் இழுத்த அன்றே மேட் எமல்ஷன் அடித்தால் வறண்ட குளத்துச் சேறு மாதிரி கோடு கோடாக வெடிக்கும். ஒரு நாள் முழுக்க விடுங்கள். மெல்லியதாக இழுங்கள், கனம் கூடினால் வெடிப்பும் கூடும். பிறகும் வெடித்தால் அந்தக் கோட்டின்மேல் மட்டும் அண்டர்கோட் ஒரு கை கொடுத்துவிட்டு எமல்ஷன் அடியுங்கள்.

ஓதம், புகைபோக்கி, தாளிப்பு

சுவரின் கீழ் மூன்றடியில் பெயின்ட் பொரிந்து, உப்புப் பூத்திருந்தால் உள்ளே எதுவும் செய்வதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். தரைமட்டம், ஓதத் தடுப்புப் பட்டைக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். டெரஸ் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு வரி ஸ்லேட் கல். கார் நிறுத்தக் கல் பாவியவர் அதை மூடிப் பாவியிருப்பார். காற்றுத் துளைச் செங்கல்லைப் பூந்தொட்டி அடைத்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் உள்ளே ‘டேம்ப் பிளாக்’ பெயின்ட் அடித்தால், ஓதம் அந்த உயரத்தைத் தாண்டி அடுத்த அடியில் வந்து நிற்கும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். கெட்டிச் செங்கல் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட்டு வாழும் சுவர். அதற்குச் சுண்ணாம்பு அல்லது களிமண் பெயின்ட், அது விலை கூடவென்றால் வினைல் இல்லாத மேட் எமல்ஷன். ரப்பர் மாதிரி கழுவக்கூடிய பெயின்ட் அங்கே வேண்டாம்.

புகைபோக்கிச் சுவரில் நடுவே ஒரு பழுப்புக் கறை, எத்தனை கை அடித்தாலும் திரும்ப வரும். அது சாதாரணத் தண்ணீர்க் கறை இல்லை. பல்லாண்டு நிலக்கரி எரித்த புகைக்கரியின் உப்புகள் காரைக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அடுப்பை அடைத்தவர் காற்றுத் துவாரம் வைக்காமல் அடைத்திருப்பார். கீழே ஒரு வென்ட், மேலே மழை புகாத மூடி, இந்த இரண்டும் முதலில். ஷெல்லாக் அடிப்படையிலான ஸ்டெயின் பிளாக், ஜின்சர் பி.ஐ.என். போன்றது, கறையை மறைக்கும். ஈரம் இழுக்கும் உப்பை அது ஒன்றும் செய்யாது. நன்றாக ஊறிப்போன காரையை வெட்டியெடுப்பதுதான் முடிவான வைத்தியம்.

இப்போது சாமி அறைச் சீலிங். தினமும் நல்லெண்ணெய் விளக்கும் கற்பூரமும் ஏறிய கரியில் எண்ணெய் இருக்கிறது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஒன்று பரவாமல் சுருண்டு திரளும், அல்லது மஞ்சளாக ஊடுருவி வரும். ஷுகர் சோப்பால் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கழுவு தூள்), சுவரென்றால் கீழிருந்து மேலாகக் கழுவி (மேலிருந்து கழுவினால் வழியும் கோடுகள் கறையாகத் தங்கும்), சுத்தத் தண்ணீரில் அலசி, காய்ந்தபின் ஷெல்லாக் பிரைமர் ஒரு கை. அரை மணியில் காய்ந்துவிடும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பிரஷ்ஷை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும். விளக்கை முன்பே அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறோம். சமையலறையில் தாளிப்புப் படலத்துக்கும் இதே முறைதான். அடுப்புக்கு மேலே மட்டும் கழுவினால் போதாது, அலமாரிகளின் தலைக்கு மேலே உள்ள ஒரு சாண் சுவர்தான் அதிகம் எண்ணெய் பிடித்த இடம்.

பூசணத்தை வெறும் பெயின்டால் மூடுவது பற்றிப் பேசவே வேண்டாம். பூசணக் கொல்லி தெளித்து, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, துடைத்து, பிறகு அடியுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் துணி உலர்த்தி, மூடி போடாமல் சோறு வடித்து, எக்ஸ்ட்ராக்டரை அணைத்து வைத்தால் அது வடக்குப் பார்த்த மூலையில் திரும்ப வரும்.

மர வேலை

எண்ணெய்ப் பெயின்ட் என்று தெரிந்த கதவுக்கு வரிசை இது: ஷுகர் சோப், அலசல், 120 அல்லது 150 தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்ப்பு (ஈயம் இருந்தால் நனைத்து), ஒட்டுப் பிரைமர் ஒரு கை, பிறகு சாட்டின்வுட் இரண்டு கை. பிரைமர் காய்ந்ததும் பத்து நாள் கழித்து அல்ல, மறுநாளே நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அப்போதே வந்தால் தேய்ப்பு போதவில்லை. புதிதாக வைத்த பைன் மரத்தில் முடிச்சுகளுக்கு நாட்டிங் (பிசினை அடைக்கும் ஷெல்லாக் திரவம்) இரண்டு முறை தொடாவிட்டால், முதல் கோடையிலேயே பிசின் மஞ்சள் வட்டமாக வெளியே வரும். வெள்ளை எண்ணெய் கிளாஸை வெளிச்சம் குறைந்த நடைக்கதவுகளில் தவிர்ப்பது நல்லது, ஒரு வருடத்தில் பழைய தந்தம் போலாகிவிடும்.

1930களின் கதவில் மேலே ஒரு அகலப் பலகையும் கீழே மூன்று நெட்டைப் பலகைகளும் இருக்கும். முதலில் பலகை ஓரத்து நெளிவுகள், பிறகு பலகைகள், நடுச் செங்குத்துச் சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், கடைசியாக இரு ஓரச் செங்குத்துகள். மூலைகளில் பெயின்ட் தேங்கி இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணீர் மாதிரி இறங்கும். ஒவ்வொரு பலகையையும் முடித்ததும் திரும்பிப் போய் மூலையைக் காய்ந்த பிரஷ் நுனியால் ஒற்றியெடுங்கள்.

மேலும் கீழும் சறுக்கும் சாஷ் ஜன்னல் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பெயின்ட்தான் பிடித்திருக்கிறது. இணைப்பைக் கத்தியால் கீறி, அகலச் சுரண்டியை விட்டுத் தட்டி விடுவியுங்கள், நெம்ப வேண்டாம். அடிக்கும்போது மேல் சட்டத்தைக் கீழே இறக்கி, கீழ்ச் சட்டத்தை மேலே ஏற்றி, வழக்கமாக மறைந்திருக்கும் நடுப்பட்டையை முதலில் முடிக்க வேண்டும். பிறகு இடம் மாற்றி மற்றது. கயிற்றிலும் ஓடும் தடத்திலும் பெயின்ட் படக் கூடாது. கண்ணாடி ஓரத்தில் 2 மில்லிமீட்டர் கண்ணாடிமேல் ஏறி நிற்கட்டும், புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மழை இறங்காமல் அதுதான் காக்கும். புது ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் விடுங்கள்.

படிக்கட்டு மேலே இருந்து கீழே, கம்பிகள் முதலில், கைப்பிடி கடைசியில். கம்பளம் இல்லாத படிகளை ஒன்று விட்டு ஒன்றாக அடித்தால் இரவு மாடிக்குப் போய்ப் படுக்கலாம்.

வெளியே

மே முதல் செப்டம்பர் வரை. வெப்பம் 8 பாகைக்கு மேல், பனி இறங்குவதற்கு மூன்று, நாலு மணி நேரம் முன்பே பிரஷ்ஷை வைத்துவிட வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் அடிக்காமல் நிழலைத் தொடர்ந்து போங்கள். ஏணி நாலுக்கு ஒன்று: நாலு மீட்டர் ஏறினால் அடி ஒரு மீட்டர் தள்ளி. மாடிச் சுவர் முழுக்க அடிக்க ஏணி போதாது, சாரக்கோபுரத்தை வாடகைக்கு எடுங்கள்.

பெபிள் டேஷையும் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றுச் சத்தமுள்ள இடத்தை விட்டு மேலே அடித்தால் பெயின்டின் கனத்திலேயே தகடாக விழும். கழுவி, காயவிட்டு, பொடி உதிரும் இடங்களுக்கு ஸ்டெபிலைசர். டின்னில் எழுதியிருக்கும் பரப்பு வழவழப்பான சுவருக்கு. இதில் லிட்டருக்கு 3 முதல் 5 சதுர மீட்டர் வந்தாலே பெரிது. மேல்பாதி 30 சதுர மீட்டர் என்றால் இரண்டு கைக்கு 15 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா டின்னையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள், கலவைக்குக் கலவை நிறம் மாறும்.

முகப்பில் கறுப்பு மரச் சட்டம் பதித்த போலி டியூடர் வீடுகளில், பலகைக்கும் பூச்சுக்கும் நடுவிலுள்ள சந்தை மேலும் பக்கமும் மட்டும் அடையுங்கள். கீழ் ஓரத்தையும் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே போன மழைக்கு வெளியேற வழியில்லாமல் பலகை பின்னாலிருந்து உளுத்துப்போகிறது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் இருப்பது கீல் கலந்த கறுப்பு. அதன்மேல் வெள்ளை கிளாஸ் அடித்தால் ஒரு வாரத்தில் பழுப்பாக ஊறிவிடும். அலுமினியம் சீலர் ஒரு கை நடுவே வேண்டும், அல்லது கறுப்பையே திரும்ப அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

பெயின்டே படாத செங்கல் முகப்புக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்தால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஈரம் உள்ளே சிக்கி உறைபனியில் செங்கல்லின் முகம் தகடாகப் பெயரும். பழமை காக்கும் பகுதி என்று அறிவித்த தெருக்களில் கவுன்சில் அனுமதியும் தேவைப்படலாம். செமியில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள கோட்டில் எங்கே நிறுத்துவது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரோடு முதலில் பேசிவிடுங்கள். தண்ணீர்க் குழாய் நடுவில் இருந்தால் அதன் பின்னால் கோடு மறைந்துகொள்ளும். இல்லையென்றால் நூல் பிடித்து டேப் ஒட்ட வேண்டும்.

உள்ளே, மேலே சொன்ன அதே அறைக்கு: பிக்சர் ரெயிலுக்கு மேலேயும் சேர்த்து, ஜன்னல், கதவு கழித்துச் சுவர் ஏறக்குறைய 33 சதுர மீட்டர், லிட்டருக்கு 12 என்று வைத்தால் இரண்டு கைக்கு ஐந்தரை லிட்டர். சீலிங் 15 சதுர மீட்டர், இரண்டரை லிட்டர். ஐந்து லிட்டர் டின்னோடு அடக்கப் பார்த்தால் கடைசிச் சுவரில் ரோலரைப் பிழிவீர்கள், அந்தச் சுவர் சாயங்கால வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். மிச்சமாகும் பெயின்டைச் சின்ன ஜாடியில் விளிம்புவரை ஊற்றி, அறையின் பெயர், நிறத்தின் எண், தேதி எழுதி மூடுங்கள். தோட்டத்து ஷெட்டில் வைக்க வேண்டாம். ஜனவரி உறைபனியில் ஒருமுறை உறைந்தால் மோர் மாதிரி திரிந்துபோகும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. படிக்கட்டுக்கு அடியிலுள்ள அலமாரிதான் அதற்கு இடம்.